நூறாம் நாள் பிள்ளை

ஒரு படம் நூறு நாள் ஓடினால் யாருக்குத்தான் கசக்கும்? படம் எடுத்தவருக்குக் கேடயம், கொட்டகைக்காரருக்கு மாலை, நடித்தவர்களுக்குக் கைதட்டல், வாசலில் வேர்க்கடலை வறுக்கிறவனுக்கு இரண்டு மடங்கு வியாபாரம். கல்மண்டபத்துக் கொட்டகையில் அந்தப் பங்குனி மாதம் எல்லோரும் வாயெல்லாம் பல்லாகத் திரிந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் முதல் டிராம் கண்டக்டர் வரை நூறாவது நாள் விழாவைப் பற்றியே பேச்சு. கதாநாயகி நேரில் வருகிறாளாம், மேடையில் பேசப் போகிறாளாம். ராயபுரத்துக்கு இப்படியொரு யோகம் இதற்குமுன் எப்போது வாய்த்தது?

அழுதவள் ஒரே ஒருத்தி. தரை டிக்கெட் பக்கம் பெருக்குகிற முத்தம்மா. அவளுக்கு நூறாவது நாள் என்பது விழா இல்லை, கெடு. அன்றைய கடைசி ஆட்டம் முடிந்தால் மறுநாள் காலையில் படப்பெட்டியை ரயிலேற்றி வெளியூருக்கு அனுப்பிவிடுவார்கள். பெட்டியோடு அவள் பிள்ளையும் போய்விடுவான்.

புதிர் போட்டுக் கதை சொல்லும் வழக்கம் நமக்கில்லை, உடைத்தே சொல்லிவிடலாம். அந்தப் படத்தில் முத்தம்மாவின் பிள்ளை நடித்திருந்தான். நடித்திருந்தான் என்பதெல்லாம் பெரிய வார்த்தை. ஐந்து மாதக் குழந்தைக்கு நடிப்பு ஏது? புருஷன் கைவிட்ட கதாநாயகி, கைக்குழந்தையைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு ரயிலில் விழப் போகிற கட்டம். குனிந்து கடைசியாக ஒரு முத்தம் கொடுக்கிறாள். அப்போது குழந்தை அவள் கன்னத்துக் கண்ணீரைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கெக்கெக்கென்று சிரித்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கன்னம் ஈரமாக இருந்தது, அதற்கு வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சிரிப்பில்தான் படமே ஓடியது என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். பெண்கள் பக்கத்தில் அந்த இடத்தில் முந்தானை நனையாதவள் கிடையாது.

பிள்ளைக்குப் பேர் சுந்தரமூர்த்தி. திருவொற்றியூர்க் கோயிலில் வேண்டிக்கொண்டு பெற்றதால் அந்தப் பேர். சினிமாக் கம்பெனிகளுக்குக் கூட்டத்தில் நிற்க ஆள் பிடித்துக் கொடுக்கும் ராசையாதான் தாயையும் பிள்ளையையும் வேனில் ஏற்றிக் கோடம்பாக்கத்துக்குக் கூட்டிப் போனவர். அதற்கு ஆறு மாதம் கழித்து, படம் வெளிவரும் முன்பே, ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு, ஜன்னி வந்து, சுந்தரமூர்த்தி போய்ச் சேர்ந்தான்.

குழந்தையைப் போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்பார்கள். அதனால் முத்தம்மா அவனை ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. சினிமாவும் போட்டோதானே என்று அவளுக்குத் தோன்றவில்லை. பிள்ளை போன பிறகு தெருவே கூடி அவளுக்கு அதை எடுத்துச் சொல்லிற்று. இந்த மாதிரி விஷயங்களை எடுத்துச் சொல்லத் தெருவுக்கு எப்போதும் நேரம் இருக்கும்.

படம் வந்த முதல் வாரம் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தாள். அவன் சிரித்ததும் எழுந்து நின்றுவிட்டாள். பின்னாலிருந்தவர்கள் "ஒக்காரு, ஒக்காரு" என்று கத்தினார்கள். தினமும் டிக்கெட் வாங்க வழியில்லாமல், மேனேஜர் ரகுபதியிடம் போய்க் கெஞ்சிப் பெருக்குகிற வேலை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து ஒரு ஆட்டம் விடவில்லை. அந்த இடம் வரும்போது பெண்கள் பக்கத்துத் தூணில் சாய்ந்துகொண்டு, கையில் துடைப்பத்தோடு நின்று பார்ப்பாள். ஓட ஓடப் படச்சுருளில் கீறல் விழும். திரையில் அது மழைக்கோடு மாதிரித் தெரியும். முதலில் பளிச்சென்று இருந்த பிள்ளைமேல் போகப் போக மழை பெய்ய ஆரம்பித்தது. துடைத்துவிட முடியாமல் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் புருஷன் பரசுராமன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். அவன் ஒருநாளும் கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. "பாத்தேன்னு வையி, அப்பால என்னால மூட்ட தூக்க முடியாது" என்பான். அவன் துக்கம் அவனுக்கு.

ஆபரேட்டர் லியோனார்ட் நல்ல மனுஷன். விழா நாள் தெரிந்ததும் முத்தம்மா மாடிப்படி ஏறி அவன் மெஷின் அறை வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே, எனக்கு ஒரு துண்டு வெட்டிக் குடுண்ணே. வெரல் நீளம் போதும். எம் மொகம் மறந்தாலும் அவன் மொகம் மறக்கக் கூடாது."

லியோனார்டால் அவளைப் பார்க்கவே முடியவில்லை. மெஷினைத் துடைத்தபடி சொன்னான். "இன்னா முத்தம்மா நீ, தெரிஞ்சிதான் கேக்கறியா? அந்த எடத்துல ஒரு துண்டு கொறஞ்சா ஜனம் பெஞ்ச ஒடச்சிடும். பொட்டி திரும்பிப் போவசொல்லோ கம்பெனி ஆளு ரீலு ரீலா பாப்பான். வேல போயிடுச்சின்னா நாலு புள்ளைங்கள வெச்சிகினு நான் எங்க போவேன், சொல்லு."

நாலு பிள்ளைகள் என்று அவன் சொன்ன பிறகு அவளால் மேலே கேட்க முடியவில்லை. படியிறங்கி வந்துவிட்டாள்.

இந்த நிலையில்தான் ராசையா அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். தெற்கத்திக்காரர், கல்மண்டபம் முனையில் கருப்பட்டி மொத்த வியாபாரம். ஆள் பிடிக்கிற வேலை அவருக்கு உபதொழில்தான், ஆனால் அதில்தான் அவருக்கு உயிர். நடிகர்கள் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதைக் கருப்பட்டி வாங்க வருகிறவனிடமெல்லாம் சொல்லாமல் விடமாட்டார்.

"முத்தம்மா, ஒனக்கு யோகந்தான் போ!" என்றார் அவளைக் கண்டதும். "விழாவுல ஒம் பிள்ளைய மேடையேத்தணுமாம். கதாநாயகி அம்மாவே வாய்விட்டுக் கேட்டுட்டாக. அந்தப் பிள்ளைய நான் திரும்பத் தூக்கணும், அவன் ஆத்தாளையும் பாக்கணும்னு. வெள்ளித் தம்ளர் குடுக்காகளாம். பயல நல்லாக் குளிப்பாட்டிக் கொண்டா, என்ன?"

கூலிக்காரி வீட்டுச் சாவு கடைத்தெரு வரைக்கும் எங்கே வரும்? ராசையாவுக்கு ஒன்றும் தெரியாது.

"அவன் இல்லீங்க" என்றாள் முத்தம்மா.

"எங்க, ஊருக்கு அனுப்பிட்டியா?"

"மண்ணுக்கு அனுப்பிட்டேங்க."

ராசையா கருப்பட்டிச் சிப்பத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழுத்திலிருந்த சிலுவையைத் தடவிக்கொண்டிருந்தார். வருத்தம் நிஜந்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் வருத்தத்துக்குப் பின்னாலேயே பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"வெளிய மூச்சு விட்டிராத தாயி. கம்பெனி மொதலாளி பூனை குறுக்க போனாலே ஷூட்டிங்க நிறுத்துதவரு. படத்துல சிரிச்ச பிள்ளை செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா நூறாம் நாளாவது ஒண்ணாவது! கூட்டிட்டு வாரேன்னு நான் வேற வாக்குக் குடுத்துட்டேன்."

மறுநாள் அவரே ஒரு யோசனையோடு வந்தார். கொட்டகைக்குப் பின்னால், கழிவுத் தண்ணீர் ஓடுகிற சந்தில் நிறுத்தி வைத்துச் சொன்னார். அதே வயசில் வேறொரு பிள்ளையை முத்தம்மா தூக்கிக்கொண்டு மேடையேற வேண்டும். ஐந்து மாதத்தில் பார்த்த முகம் ஒன்றரை வயதில் யாருக்கு அடையாளம் தெரியப் போகிறது? தாயைத்தான் நாயகிக்குத் தெரியும். படம் பிடித்த அன்று நாளெல்லாம் கூட உட்கார்ந்து பேசியிருக்கிறாள். தாய் இவளே என்றால் பிள்ளையும் அவனே. விஷயம் தெரிந்த தெருக்காரர்களின் வாயை மூடி வைப்பது தன் பொறுப்பு.

முத்தம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் இடுப்பில் இன்னொரு பிள்ளையை வைத்துக்கொண்டு, தன் பிள்ளை என்று ஊரார் முன்னால் பல்லைக் காட்டச் சொல்கிறான் இந்த மனுஷன். துடைப்பக்கட்டையால் ஒன்று வைக்கலாமா என்றுகூட நினைத்தாள். ராசையா அதற்குள் அடுத்த வார்த்தையைச் சொன்னார்.

"படம் வெட்டுத எடத்துல, அன்னைக்குப் பிடிச்சதுல வேண்டாம்னு கழிச்ச துண்டு கூடை கூடையாக் கெடக்கு. அங்க இருக்கவன் நம்ம பய. விழா முடியட்டும், ஒம் பிள்ளை இருக்க துண்டாப் பாத்து எடுத்து, பெரிய போட்டோவாப் போட்டுச் சட்டம் அடிச்சுத் தாரேன். யேசுசாமி ஆணையாத் தாரேன்."

போட்டோ. சுவரில் மாட்டலாம். பொட்டு வைக்கலாம். ஆட்டம் முடிந்ததும் அணைந்துபோகாது. பசித்த நாயாக அலைகிற மனசுக்கு இப்படி ஒரு எலும்புத்துண்டைக் காட்டினால் அது என்ன செய்யும்? சரி என்றாள்.

பிள்ளைக்கு எங்கே போவது என்று அவள் யோசிக்கவேண்டியிருக்கவில்லை. அடுத்த வீட்டு வரலட்சுமிக்கு ஒரு பிள்ளை இருந்தான், குப்பன் என்று. வரலட்சுமிக்கு முன்னால் பிறந்தவை இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது பிறந்ததும் ஊர் வழக்கப்படி குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் போட்டாள். யாரோ பெற்றுப் போட்ட பிள்ளை மாதிரி முத்தம்மாதான் அதை எடுத்து வந்தாள். அவளிடம் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து வரலட்சுமி திரும்ப வாங்கிக்கொண்டாள். குப்பன் என்று பேர் வைத்து மூக்கும் குத்திவிட்டாள். இது குப்பை, தவிட்டுக்கு வாங்கியது, நமக்கு வேண்டாம் என்று எமன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான் என்பது கணக்கு. குப்பன் பிழைத்தான். அடுத்த மழைக்கு, பட்டும் படாடோபமுமாகப் பேர் வைத்திருந்த சுந்தரமூர்த்தி போனான். குப்பனைத் தேடி வந்த எமன்தான் ஏமாந்துபோய்ப் பக்கத்து வீட்டில் நுழைந்துவிட்டான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு இரண்டு பேர் காதிலும் விழுந்திருந்தது. இரண்டு பேருமே அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அதனால்தான் முத்தம்மா வந்து போட்டோ விஷயத்தைச் சொல்லிக் கேட்டபோது வரலட்சுமியால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"தூக்கிகினு போக்கா. நீ எடுத்த புள்ளதான இவன்" என்றாள் கடைசியில். "ஒண்ணே ஒண்ணு. மேடையில இவன குப்பன்னுதான் கூப்டணும். ஒம் புள்ள பேர இவன் மேல சொல்லக் கூடாது. நான் தப்பா சொல்லல. எனக்கு பயமா கீதுக்கா. ரெண்ட வாரிக் குடுத்தவ நான்."

"சொல்ல மாட்டேன்டி."

"வேற யாரும் சொல்லக் கூடாது. இவன் தல மேல கைய வெச்சி சொல்லு."

முத்தம்மா குப்பனின் தலையில் கை வைத்தாள். எண்ணெய் தேய்த்த தலை. உள்ளங்கை சுட்டது. சொல்லிவிட்டு வந்தாள்.

ராசையாவிடமும் சொல்லி வைத்தாள். "பேரா?" என்று அவர் சிரித்தார். "யாரு பேரக் கேக்கப் போறா? ஏறுவ, மாலை போடுவாக, தம்ளரக் குடுப்பாக, எறங்குவ. அம்புட்டுத்தான்."

விழாவன்று பகலாட்டத்தை நிறுத்திவிட்டுத் திரைக்கு முன்னால் மேடை போட்டிருந்தார்கள். வாசலில் வாழைமரம், கூம்பு ஒலிபெருக்கி, பேண்டு வாத்தியம். உள்ளே இடம் கிடைக்காத கூட்டம் டிராம் தண்டவாளம் வரை நின்றது. பெண்கள் பக்கம் முன்பெஞ்சியில் வரலட்சுமியை உட்கார வைத்திருந்தார் ராசையா. குப்பனுக்கு ஜரிகைத் தொப்பி, பட்டுச் சட்டை. தொப்பி பிடிக்காமல் அவன் அதை இழுத்து இழுத்துப் போட்டான்.

மேடைக்குப் பக்கவாட்டில் பிள்ளையோடு நின்றாள் முத்தம்மா. போட்டோ, போட்டோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு பிள்ளையின் கனம் இடுப்பில் இறங்கி எத்தனை நாளாயிற்று! குப்பன் அவள் தோளில் வாயை வைத்து எச்சில் வடித்தான். அந்த ஈரம் பழகிய ஈரம். எட்டி வைக்கவும் முடியவில்லை, அணைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

முதலாளி பேசினார், இயக்கியவர் பேசினார், கேடயம் கைமாறியது. பிறகு ராசையா கண்ணைக் காட்ட, முத்தம்மா மேடையேறினாள். கொட்டகையே கையைத் தட்டிற்று. கதாநாயகி ஓடி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"அட, எவ்வளவு வளந்துட்டான்! மூக்கு எப்பம்மா குத்துனீங்க?"

"வேண்டுதலும்மா" என்றாள் முத்தம்மா. பொய் இவ்வளவு சுலபமாக வருமா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

நாயகி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மைக்குக்குப் போனாள். நல்ல பெண்தான் அவள், மனசில் கள்ளம் இல்லை. அதுதான் வினையாயிற்று. "அன்னிக்கு எனக்கு அழுகையே வரல்லே" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "இந்தக் குட்டிப்பயல் கையைப் பட்டதும் நெஜமாவே அழுதுட்டேன். நூறு நாள் ஓடினதுக்கு நீங்க மாலை போட வேண்டியது எனக்கில்லே, இவனுக்கு. இவன் பேருகூட நான் மறக்கல்லே. நான் இப்ப அதைச் சொல்லுவேன். நீங்க எல்லாரும் அதே பேரைச் சொல்லி, நூறு வருஷம் இருக்கணும்னு ஒரே குரல்ல வாழ்த்தணும். சரியா?"

சரி என்று கொட்டகை அதிர்ந்தது.

முத்தம்மாவுக்கு அந்த நொடியில் என்ன நடந்தது என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஆசை வந்தது. வெறிபிடித்த ஆசை. சாகும்வரை தகப்பனும் தாயும் தவிர யாரும் அதிகம் கூப்பிட்டிராத பேர் அது. புதைத்த நாளிலிருந்து அவள் வாயிலும் வராத பேர். அதை இத்தனை ஆயிரம் வாய் சேர்ந்து கூப்பிடப் போகிறது. வாழணும் என்று சொல்லப் போகிறது. ஒருதரம், ஒரே ஒருதரம் கேட்டுவிட்டால் போதும். அப்புறம் போட்டோவும் வந்துவிடும். அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, சும்மா நின்றால் போதும்.

கீழே வரலட்சுமி எழுந்து நின்றிருந்தாள். கத்தவில்லை. கத்தினால் முத்தம்மாவின் போட்டோ போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, முத்தம்மாவையே பார்த்தபடி, தலையை மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டிக்கொண்டிருந்தாள்.

நாயகி மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

"வேணாம்மா!" முத்தம்மா பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். "அந்தப் பேர சொல்லாதீங்க. இது அவன் இல்ல."

மைக் பக்கத்தில் இருந்தது. அவள் குரல் கொட்டகைக்குள்ளும், கூம்பு வழியாகத் தெருவிலும் கேட்டது.

"இன்னா சொல்றீங்க?" என்றாள் நாயகி, தன்னையறியாமல் முத்தம்மாவின் பாஷையிலேயே.

"இவன் பேரு குப்பன். தோ நிக்கிறாளே, வரலட்சுமி, அவ புள்ள. எம் புள்ள செத்துட்டான்மா. படம் வர்றதுக்கு முந்தியே செத்துட்டான். அவன் பேரச் சொல்லி இவன வாழ்த்தாதீங்க. இவனாவது இருக்கட்டும்."

நாயகியின் முகத்தில் ரத்தம் இல்லை. ஏதோ சொல்ல முத்தம்மாவின் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள். அதற்குள் அவளுடைய தாயார் எங்கிருந்தோ வந்து, பிள்ளையை வெடுக்கென்று பிடுங்கி முத்தம்மாவிடம் கொடுத்துவிட்டு, மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். முதலாளி எழுந்து நெற்றியைத் துடைத்தார். ரகுபதி கையைக் காட்ட, பேண்டுக்காரன் கண்ட பாட்டை வாசிக்க ஆரம்பித்தான்.

குப்பனைக் கீழே கொண்டுபோய்த் தாயிடம் கொடுத்தாள் முத்தம்மா. வரலட்சுமி அவள் காலில் விழப் போனாள். "போடி, போ, வூட்டுக்குப் போ" என்று அவளைத் தள்ளி அனுப்பினாள்.

பின்பக்கச் சந்தில் ராசையா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தாள். அவருக்குத் திட்டவும் தெம்பில்லை.

"போச்சே தாயி. ஒண்ணும் மிஞ்சல. இனி எந்த மொகத்த வச்சிக்கிட்டு அந்த ஆபீஸ் வாசல மிதிப்பேன்? மிதிச்சாத்தான உள்ள விடுவான்? நீ கேட்டத நான் எங்கருந்து எடுத்துத் தருவேன், சொல்லு."

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பொய்யாக இருந்தால் தேவலாம் என்று இருந்தது.

சாயங்கால ஆட்டத்துக்கு அவள் வழக்கம்போல் துடைப்பத்தை எடுக்கப் போனபோது ரகுபதி வாசலை மறித்தார். மேலிடத்து உத்தரவு, உள்ளே விடக்கூடாது என்றார். இன்னிக்கு ஒருநாள் சார், கடைசி சார் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்கீப்பரிடம் கதவைச் சாத்தச் சொன்னார்.

கொட்டகைக்குப் பக்கச்சுவர் தகரம். முத்தம்மா அதில் காதை வைத்து நின்றாள். வசனமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கோயில் மணிச் சத்தம் வந்தது. கதாநாயகியின் விசும்பல் வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு. தகரத்துக்கு அந்தப் பக்கம் பெண்கள் அழுதார்கள். அன்றைக்கு அழுகை கூடுதலாக இருந்தது, செய்தி பரவியிருக்கும். ஊரே உள்ளே உட்கார்ந்து அவள் பிள்ளைக்காக அழுதது. அவள் மட்டும் வெளியே நின்று தகரத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். நகம் பிய்ந்தது தெரியவில்லை.

பரசுராமன் தேடி வந்து அவளைக் கூட்டிப் போனான். வீட்டு வாசலில், "நீ செஞ்சது சரிதான்" என்றான். சரியாகச் செய்ததால் என்ன கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை, அவனுக்கும் தெரியாது.

விடிந்ததும் கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டாள். வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஜட்கா வண்டி ஒன்று நின்றது, அதில் திறந்த பெட்டி. பக்கத்தில் கம்பெனி ஆள் அரக்கும் முத்திரையுமாகக் காத்திருந்தான். லியோனார்ட் மாடியிலிருந்து ரீல் டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கிப் படிக்கட்டில் அடுக்கினான். முத்தம்மாவைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"அண்ணே, எதுல கீறான்?" என்றாள்.

லியோனார்ட் கம்பெனி ஆளைப் பார்த்தான். பிறகு அடுக்கிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, தூசியைத் தன் சட்டையிலேயே துடைத்தான்.

"இதுல."

"வண்டி வரிக்கும் நான் தூக்கிகினு வரேன்ணே."

அவன் கொடுத்தான். தகர டப்பா, காலைக் குளிர் ஏறிச் சில்லென்று இருந்தது. முத்தம்மா அதை இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசலிலிருந்து வண்டிக்குக் கூப்பிடு தூரம்கூட இல்லை. அதை அவள் எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தாள். கம்பெனி ஆள் கடிகாரத்தைப் பார்த்தான். வாயைத் திறக்கப் போனவன், லியோனார்டின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

வண்டிக்காரன் குனிந்து இரண்டு கையையும் நீட்டினான். "குடும்மா, ரயிலுக்கு நேரமாவுது."

கொடுத்தாள். அவன் அதை மற்ற டப்பாக்களோடு வைத்துப் பெட்டியை மூடினான். அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள். அவன் லகானைக் கையில் எடுத்தபோது முத்தம்மா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ரோடு பூரா பள்ளமா கீது நைனா" என்றாள். "குலுங்காம ஓட்டிகினு போ."